மரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்: ஒற்றைத் தோட்டா ஃபாலிங் பிளாக் ரைபிள் வாங்குகிறவர்களுக்கு

பட்டர்வர்த்திலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் மெல்பர்னுக்குக் குடிபோன நம் பிள்ளைகளில் சிலர் இப்போது மான் வேட்டைக்குப் போகிறார்கள். தீபாவளிக்குப் பினாங்கு வரும்போது என்னைத் தேடி வந்து, "மாமா, லீவரை இழுத்தா கட்டை கீழே இறங்குமே, அந்த மாதிரி ரைபிள் ஒண்ணு கடையில பார்த்தேன். வாங்கலாமா?" என்று கேட்பார்கள். கைப்பேசியில் படமும் இருக்கும். படத்தில் பாதிக்கு மேல் வால்நட் மரத்தின் வரிதான் தெரியும். மரம் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த வகை ரைபிளில் நீங்கள் காசு கொடுக்க வேண்டியது மரத்துக்கு இல்லை, இரும்பு இரும்போடு பொருந்துகிற பொருத்தத்துக்கு. அதை எப்படிப் பார்ப்பது, வாங்கிய பிறகு எப்படி வைத்துக்கொள்வது என்று எழுதச் சொல்லிப் பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் பிறை தொழிற்பேட்டையில் டூல்ரூம் வேலை பழகியவன். பிறகு விக்டோரியா மாநிலத்தில் டாண்டெனோங் பக்கம் ஒரு பட்டறையில் நெடுங்காலம் டை, அச்சு செய்தேன். ஓய்வு பெற்று இப்போது பாயான் லெப்பாஸில் இருக்கிறேன். விக்டோரியாவில் இருந்தபோது என் பெயரில் பதிவான ருகர் நம்பர் 1 (ருகர் நிறுவனம் செய்த இந்த வகை ரைபிள்) ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ஃபாலிங் பிளாக், அதாவது இறங்கும் கட்டை, என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். விசைக் காப்பைச் சுற்றி இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால், ரிசீவரில், அதாவது துப்பாக்கியின் நடு இரும்பு உடலில், செங்குத்தாக வெட்டிய பள்ளத்தில் ஓர் எஃகுக் கட்டை வழுக்கிக்கொண்டு இறங்கும். தோட்டா அறையின் வாய் உங்கள் கண் முன்னே திறந்து நிற்கும். ஒரே ஒரு தோட்டாவைக் கையால் வைத்து லீவரை மேலே இழுத்தால் கட்டை ஏறி வாயை அடைக்கும். லீவரின் இந்த ஓட்டத்திலேயே உள்ளே இருக்கும் ஹேமரும் (தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தியல்) ஏறிவிடும். தோட்டாக்களை அடுக்கும் மகசின் கிடையாது. வேறு ரைபிள்களில் அறையை அடைக்கும் போல்ட் என்கிற தண்டு முன்னும் பின்னும் ஓடும், இதில் அதற்கு இடமும் வேண்டாம். அதனால்தான் அதே நீளக் குழல் உள்ள போல்ட் ரைபிளைவிட இது ஏறக்குறைய நாலு அங்குலம் குட்டை. 22 அங்குலக் குழல் வைத்த நம்பர் 1 மொத்தமே 38 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். மலைச் சரிவில் புதருக்குள் நுழைந்து போகிறவனுக்கு அந்த நாலு அங்குலத்தின் அருமை தெரியும்.

சுடும்போது வருகிற அழுத்தம் முழுவதையும் அந்தக் கட்டையும், கட்டைக்குப் பின்னால் நிற்கும் பள்ளத்தின் சுவரும் தாங்குகின்றன. எடுத்துப் பார்த்தால் கனமான எஃகு, எளிமையான வடிவம். மார்ட்டினி ரைபிளை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. மார்ட்டினியில் கட்டை பின்முனையில் கீல் வைத்து முன்பக்கம் சாயும். அது வேறு இனம்.

இதன் வம்சம் நீளமானது. அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848-இல் காப்புரிமை வாங்கினார். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃபார்குஹார்சன் 1872-இல் ஒன்று செய்தார். பிரிஸ்டலில் ஜார்ஜ் கிப்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் என்கிற சிற்றூரில், குடும்பப் பட்டறையில் கைக்கருவிகளை வைத்துக்கொண்டு ஜான் மோசஸ் பிரவுனிங் தன் ஒற்றைத் தோட்டா ரைபிளைச் செய்து 1879-இல் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 24. வின்செஸ்டர் நிறுவனம் 1883-இல் 8,000 டாலருக்கு அந்த உரிமையை வாங்கி, மாடல் 1885 என்று பெயர் வைத்து விற்றது. அரத்தைப் பிடித்து எஃகைத் தேய்த்த கை என்பதால் எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை. போல்ட் ரைபிள்கள் மலிந்த பிறகு இந்த வகை ஏறக்குறைய மறைந்தே போனது. 1967-இல் பில் ருகர் ஃபார்குஹார்சனின் அழகை மனதில் வைத்து நம்பர் 1-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று கடையில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் அதுதான், இல்லையென்றால் ஜப்பானில் மிரோக்கு தயாரித்த பிரவுனிங், வின்செஸ்டர் 1885. இத்தாலியில் உபெர்ட்டி, பெடர்சோலி செய்கிற பழைய மாதிரிப் பிரதிகளும் உண்டு. அவை பழைய தோட்டாக்களை விரும்புகிறவர்களுக்கு நல்லவை. வேட்டைக்கு முதல் துப்பாக்கியாக நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

இப்போது நம் ஊர்ச் சட்டம். இதை இங்கேயே பேசி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் "மாமா, பிறகு இங்கே கொண்டு வந்துடலாமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த எண்ணமே வேண்டாம். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மாநிலப் போலீஸ் தலைவரின் லெசன் வேண்டும். தோட்டங்களில் பன்றி விரட்ட லெசன் எடுத்த சாட்கன்களை நாம் பார்த்திருப்போம். அது வேறு கதை. லெசன் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் அந்தச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் சட்டவிரோதத் துப்பாக்கிக்குப் பதினாலு ஆண்டு வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாத தண்டனையும் உண்டு. சட்டம் தோட்டாவையும் சேர்த்துத்தான் சொல்கிறது, கவனியுங்கள். வேட்டைக்குப் போட்ட அதே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பினாங்கு விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் ஜாக்கெட்டின் ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துப் பாருங்கள், முதுகுப் பையின் அடித் தையலைக்கூடத் தடவிப் பாருங்கள். சுட்டு முடித்த வெற்றுக் கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) அழகாக இருக்கிறதென்று தம்பிக்குக் காட்டக் கொண்டு வராதீர்கள். வேட்டைத் துணியும் பயணத் துணியும் தனித்தனியாக இருப்பதே நல்லது.

விக்டோரியாவில் வழி தெளிவாக இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு முடித்து, வேட்டை என்பதைக் காரணமாகக் காட்டி, விக்டோரியா போலீஸிடம் நீள் துப்பாக்கி லெசனுக்கு எழுத வேண்டும். இந்த ரைபிள் ஒரே தோட்டா போட்டாலும் சென்டர்ஃபயர் வகை (தோட்டா அடியின் நடுவில் அடித்து வெடிப்பது) என்பதால் பி பிரிவில் வரும். அடியின் விளிம்பில் அடித்து வெடிக்கும் .22 ரிம்ஃபயருக்கு உள்ள ஏ பிரிவு மட்டும் போதாது. லெசன் கைக்கு வந்ததும் கடைக்கு ஓட முடியாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாக வாங்கும் அனுமதி எடுக்க வேண்டும், முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். தெரிந்தவரிடமிருந்து வாங்கினாலும் லெசன் உள்ள வியாபாரி வழியாகத்தான் கைமாற்ற வேண்டும். மான் வேட்டைக்கு வேண்டிய கேம் லெசன் (வேட்டை விலங்குகளுக்கானது) தனி.

காத்திருக்கிற நாள்களில் பெட்டி வாங்கி வையுங்கள். குறைந்தது 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுப் பெட்டி வேண்டும். வெறும் பெட்டி 150 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் வீட்டின் கட்டமைப்போடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தோட்டாக்கள் தனிப் பூட்டுள்ள வேறு பெட்டியில் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். துப்பாக்கி கடையில் காத்திருக்க, வீட்டுக்காரர் மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

சரி, கடைக்கு வருவோம். என் அக்கா மகன் ஒருவன் வாங்கப் போனபோது என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். மேசைமேல் ஒரு நம்பர் 1 இருந்தது. பின்கட்டை மரம் தேன் நிறம், அலையலையாக வரி. பையன் அதைத் தடவிக்கொண்டே நின்றான். நான் வியாபாரியிடம் அனுமதி கேட்டு, லீவரை இறக்கி, அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த பஞ்சுக் குச்சியை எடுத்தேன். குழலின் வாய் விளிம்பில், குண்டு கடைசியாக உலோகத்தைத் தொட்டுவிட்டு வெளியேறுகிற அந்த வட்டத்தில், குச்சியை மெதுவாகச் சுற்றினேன். ஓரிடத்தில் பஞ்சு பிடித்து ஒரு நூல் இழுபட்டது. மறுபடி சுற்றினேன், அதே இடத்தில் மறுபடி பிடித்தது. "பாரு தம்பி, இங்கே விளிம்பு நசுங்கியிருக்கு. யாரோ குழலை எதிலோ இடிச்சிருக்காங்க" என்றேன். அந்த விளிம்பு ஒரு பக்கம் நசுங்கினால் குண்டு வெளியேறும்போது காற்று ஒரு பக்கம் முந்திக்கொண்டு தள்ளும், குறி சிதறும். வியாபாரி நேர்மையான மனிதர், தானே உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். லேத்தில் வைத்து வாயைச் சீராக வெட்டிக் கொடுப்பது துப்பாக்கிக் கம்மியருக்குச் சின்ன வேலை. அதைச் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் விலை பேசினோம். பஞ்சுக் குச்சிக்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

நீங்களும் இந்த முறையில் பாருங்கள். கட்டை முழுவதும் இறங்கிவிடுவதால் பின்னாலிருந்தே குழல் வழியாக நேராகப் பார்க்க முடியும். போல்ட்டைக் கழற்ற வேண்டிய வேலை இல்லை. முன்னால் ஒரு வெள்ளைத் தாளை விளக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களின் ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். தோட்டா அறை முடிந்து வரிகள் தொடங்குகிற இடத்தில் சொரசொரப்பாக, வறண்ட வயல் வெடித்த மாதிரி தெரிந்தால் அது நிறையச் சுட்ட குழல். .22-250, .25-06 மாதிரி வேகமான தோட்டாக்களில் இது சீக்கிரம் வரும். பிறகு அறையின் உள்சுவர். இங்கே துருக்குழி இருந்தால் மற்ற ரைபிளைவிட இதில் தொல்லை அதிகம். போல்ட் ரைபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சாய்வுப் பரப்பு கேஸைப் பலமாக இளக்கிவிடும். இதில் அந்தப் பலம் குறைவு. குழி விழுந்த அறையில் கேஸ் ஒட்டிக்கொண்டால் காட்டில் நின்று லீவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது கட்டையின் முகம். தோட்டாவின் அடியில் குத்தும் பயரிங் பின் வருகிற சிறு துளையைச் சுற்றிப் பாருங்கள். துளை ஓரம் அரித்து மெல்லிய வளையமாகக் கருத்திருந்தால், பிரைமர் (தோட்டா அடியில் உள்ள வெடிமூட்டி) ஓட்டையாகி வாயு பின்னால் அடித்திருக்கிறது. யாரோ அளவுக்கு மீறி மருந்து நிரப்பிச் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் துப்பாக்கியை நான் வாங்க மாட்டேன், மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. லீவரை மூடிவிட்டுக் கட்டையை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சற்று அசைவு இருக்கத்தான் செய்யும், வழுக்கி ஓட வேண்டிய பொருளுக்கு இடைவெளி வேண்டும். ஆனால் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் எங்காவது கரகரவென்று பிடித்தால் பள்ளத்தின் சுவரில் சிராய்ப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூடி முடிகிற கடைசி அசைவில் லீவர் தன்னிடத்தில் உறுதியாகப் போய் உட்கார வேண்டும், தொங்கக் கூடாது.

தோட்டா அறையின் ஆழத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் தோட்டா வடிவில் இரண்டு அளவுத் துண்டுகள் உண்டு: கோ கேஜில் கட்டை மூட வேண்டும், நோ-கோ கேஜில் மூடக் கூடாது. இதைக் கம்மியரிடம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். டூல்ரூமில் எந்தத் துளையையும் கேஜ் போடாமல் நாங்கள் அனுப்பியதில்லை. உங்கள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வெடிக்கிற அறைக்கு அந்த மரியாதை கொடுக்க வேண்டாமா?

போலித் தோட்டா இரண்டு கையோடு கொண்டு போங்கள். ஒன்றை வைத்து மூடி, சட்டென்று திறந்தால் அது நேராகப் பின்னால் துள்ளி வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரோ அதன் ஸ்ப்ரிங்கோ பார்க்க வேண்டியது. விசையை இழுத்துப் பார்க்கும்போதும் போலித் தோட்டா உள்ளே இருக்கட்டும், வியாபாரியின் அனுமதியும் இருக்கட்டும்.

மரத்தை இப்போது பார்க்கலாம், ஆனால் அழகுக்காக அல்ல. இந்த ரைபிளில் மரம் இரண்டு துண்டு. பின்கட்டையை உள்ளே ஓடும் ஒரு நீள போல்ட் ரிசீவரோடு இறுக்குகிறது. ரிசீவரின் பின்முனை மரத்தில் முட்டுகிற மூலைகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். .375, .458 மாதிரிப் பெரிய தோட்டா சுட்ட துப்பாக்கிகளில் முதலில் வெடிப்பது அங்கேதான். போல்ட் தளர்ந்து கிடந்து சுட்டிருந்தாலும் வெடிக்கும். முன்கட்டையை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கிறது. வியாபாரி சம்மதித்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள். மழையில் நனைத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தவனின் குணம் அந்த மரத்துக்கு அடியில்தான் தெரியும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே குழலின் அடிப்பக்கம் சிவந்திருக்கும்.

முன்கட்டையைக் கழற்றினால் இன்னொரு பொருளும் கண்ணில் படும். ரிசீவரிலிருந்து முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிற எஃகுக் கம்பை. அதில்தான் ஹேமரின் ஸ்ப்ரிங்கும் எஜெக்டரின் ஸ்ப்ரிங்கும் தங்குகின்றன, முன்கட்டையும் அதில்தான் பிடித்திருக்கிறது. நம்பர் 1 குறி சரியாக வைக்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு விடை இந்த இடத்தில் இருக்கிறது. முன்கட்டை மரம் குழலை அழுத்தினால், குழல் சூடாகச் சூடாக அழுத்தமும் மாறும், குறி மேலும் கீழுமாக ஒரு கோட்டில் ஏறும். மரம் ஈரத்தில் உப்பினால் இன்னும் மோசம். பினாங்கில் மழைக்காலத்தில் கதவு நிலையில் சிக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தாளை மடக்கிக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் செருகிப் பாருங்கள், எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் தொடுகிறது. அந்த இடத்தை மெல்லத் தேய்த்து விடுவிக்கலாம். அப்படியும் சரியாகவில்லை என்றால் அந்தக் கம்பையின் முனையில் மறை வெட்டி ஒரு சிறு ஸ்க்ரூ போட்டு, அது குழலின் அடியில் சீராகத் தாங்கும்படி திருகி வைப்பார்கள். இதைக் கம்மியரிடம் விடுங்கள். நான் என்னுடையதற்கு நானே செய்தேன், ஏனென்றால் என் பிழைப்பு அது.

எந்தத் தோட்டாவுக்கு வாங்குவது? விக்டோரியாவில் பெரும்பாலும் தேடிப் போவது கடமான், நம் ஊரில் ருசா என்று சொல்கிற அதே மிருகம். 1860-களில் இலங்கையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கொண்டு போய் விட்டார்கள், இன்று மான்ஸ்ஃபீல்ட், லிக்கோலா, டார்கோ மலைகள் எங்கும் பரவியிருக்கிறது. பெரிய ஆண் 200 கிலோவைத் தாண்டும். சட்டப்படி அதற்குக் குறைந்தபட்சம் .270 அங்குலக் குழல் விட்டம், 130 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு வேண்டும். ஆகவே யாராவது .243 நம்பர் 1-ஐ மலிவாகக் காட்டினால், கடமானுக்கு அது ஆகாது, ஃபாலோ மானுக்குத்தான் ஆகும் என்று தெரிந்து பேசுங்கள். என் சிபாரிசு .30-06. எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், 180 கிரெயின் குண்டு கடமானுக்கு நிறைவாகப் போதும், தோளும் தாங்கும். 7×57 அருமையான தோட்டா, ஆனால் பெட்டியைத் தேடி அலைய வேண்டும். நம்பர் 1-இல் 1-ஏ என்பது 22 அங்குலக் குழல் வைத்த இலகு வகை, 1-பி என்பது 26 அங்குலம். காட்டுக்கு 1-ஏ எடுங்கள். திறந்த வெளியில் நீண்ட தூரம் சுடுகிறவர்கள் 1-பி எடுக்கலாம். பெல்ட் உள்ள மேக்னம் (அடியில் தடித்த வளையம் வைத்த பலமான தோட்டா) எதுவும் முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

ஸ்கோப் மாட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. நம்பர் 1-இல் ஸ்கோப் வளையங்கள் குழலின்மேல் உள்ள சிறு பாலத்தில் உட்காருகின்றன, ஆகவே ஸ்கோப் இயல்பாகவே கொஞ்சம் முன்னால் போய்விடும். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்க வேண்டிவரும். பின்னால் தள்ளி அமைகிற ஆஃப்செட் வளையங்களை வாங்குங்கள், அல்லது கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி தாராளமாகத் தரும் ஸ்கோப்பை எடுங்கள். வாங்கும் முன் கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். வட்டம் முழுவதும் தெளிவாகத் தெரிந்தால் சரி. பெரிய உருப்பெருக்கம் தேவையில்லை, புதர்க்காட்டில் பெரும்பாலான கடமான் நூறு மீட்டருக்குள்தான் எழும்பும்.

ஸ்பிரிங்வேல் மாதிரி ஒரு சுடுதளத்தில் குறி சரிசெய்யும்போது அவசரப்படாதீர்கள். முன்கட்டையை மணல் பைமேல் வையுங்கள், குழலை வைக்காதீர்கள். ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் கட்டையை இறக்கி, அறையைத் திறந்து, குழலை ஆறவிடுங்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அன்றைய முதல் குண்டு. குளிர்ந்த, சுத்தமான குழலிலிருந்து போகிற அந்த ஒன்றுதான் காட்டில் உங்களுக்கு உதவப் போகிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் முதல் குண்டை ஒரே தாளில் சுட்டுத் தேதி எழுதி அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். சில மாதங்களில் உங்கள் ரைபிளின் உண்மையான குணத்தை அந்தத் தாள் சொல்லிவிடும். ஐந்து குண்டு அடுக்கிச் சுட்ட வட்டத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்களிடம் நான் அந்தத் தாளைத்தான் கேட்பேன்.

கைப்பழக்கமும் வேண்டும். வீட்டில் போலித் தோட்டாக்களை வைத்து, ரைபிளைத் தோளிலிருந்து இறக்காமல் லீவரைத் தள்ளி, அடுத்ததைப் பள்ளத்தில் விட்டு, கட்டைவிரலால் முன்னே தள்ளி, மூடப் பழகுங்கள். இடக்கை விரல் இடுக்கில் ஒரு தோட்டாவைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். சிலர் பின்கட்டையில் தோட்டா உறை மாட்டுகிறார்கள், அதுவும் நல்லதே. படுத்துச் சுடும்போது லீவர் கீழே இறங்க இடம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தரையில் முட்டி அரைகுறையாக நின்றுவிடும். முதுகுப் பையைக் கீழே போட்டு உயரம் கொடுத்தால் தீர்ந்தது. அதைவிடப் பெரிய விஷயம், மான் நிற்கிற கோணம் சரியில்லை என்றால் விசையைத் தொடாதீர்கள். காயம்பட்ட மிருகம் சரிவில் இறங்கி ஓடி எங்கோ கிடந்து சாவது பாவம். இரண்டாவது குண்டு இருக்கிறதே என்ற எண்ணத்தில் முதல் குண்டை விடுகிறவர்களுக்கு இந்த ரைபிள் ஒத்துவராது.

இந்த ரைபிளின் பெரிய நன்மை கூட்டாகப் போகும்போது தெரியும். லீவர் கீழே இறங்கியிருந்தால் பத்தடி தூரத்தில் நிற்கிறவனுக்கும் துப்பாக்கி திறந்திருக்கிறது என்று தெரியும். வேலி தாண்டும்போது, ஓடை கடக்கும்போது, வண்டிக்குத் திரும்பும்போது தோட்டாவை எடுத்துவிட்டு லீவரை இறக்கியே வையுங்கள். வண்டிக்குள் ஒருபோதும் தோட்டா உள்ள துப்பாக்கி ஏறக் கூடாது. சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு, மறுநாள் உதயத்துக்கு அரை மணி முன்பு வரை மான் வேட்டை சட்டவிரோதம். அந்தி மங்கலில் ஏதோ அசைந்தது என்று சுடுகிற ஆளோடு நான் போக மாட்டேன்.

பராமரிப்புக்குப் பெரிய வித்தை இல்லை. பின்னாலிருந்தே கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம், வாய் விளிம்பு தேயாது. கரைப்பான் கீழே வழிந்து பள்ளத்துக்குள் போகாதபடி கட்டைமேல் ஒரு துணியை விரித்துவிடுங்கள். எண்ணெய் மெல்லியதாக, குறைவாக. தடித்த எண்ணெயைப் பள்ளத்தில் ஊற்றினால் மலைக்குளிரில் பிசுபிசுத்து ஹேமரும் பயரிங் பின்னும் மந்தமாகும். மழையில் நனைந்து வந்தால் அன்றைக்கே முன்கட்டையைக் கழற்றித் துடையுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். பெட்டியில் வாய் கீழே பார்க்கும்படி வைப்பது நல்லது, இல்லையென்றால் மிச்ச எண்ணெய் மெல்ல மெல்லப் பின்கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கறுக்க வைத்து மென்மையாக்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பின்கட்டை போல்ட்டின் இறுக்கத்தைச் சோதியுங்கள். விசையின் எடையைக் குறைக்க வீட்டில் உட்கார்ந்து அரம் போடாதீர்கள், அது கம்மியர் வேலை.

ஊர் திரும்புகிற நாள் வந்தால் விற்பதும் வாங்கியதைப் போலவே வியாபாரி வழியாகத்தான். வாங்குகிறவரின் அனுமதி வந்து, பதிவு அவர் பெயருக்கு மாறி, உங்கள் பெயரிலிருந்து நீங்கிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகே விமானம் ஏறுங்கள். நண்பன் வீட்டுப் பெட்டியில் சும்மா வைத்துவிட்டு வருவதும் குற்றத்தில் முடியும். என்னுடையது இப்போது அக்கா மகன் பெயரில் இருக்கிறது. கொடுக்கும்போது கூடவே கோ கேஜ் அளவு எழுதிய கம்மியர் சீட்டு, குளிர்ந்த குழல் தாள்கள், எந்தத் தோட்டா எத்தனை கிரெயினில் சரியாக நின்றது என்ற குறிப்பு, முன்கட்டை ஸ்க்ரூவுக்கு அளவான ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் பழைய ரைபிள் வாங்கும்போது விற்கிறவரிடம் இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள். எடுத்துக் காட்டுகிறவரிடம் வாங்கலாம்.